அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் சிபிஎஸ் டிவி நெட்வொர்க் சேனல் 2-லிருந்து 62-க்குப் போனது ஏன்?

கேள்வி: 1994-ல் டபிள்யூஜேபிகே நிலையம் (சேனல் 2) சிபிஎஸ்ஸை விட்டு ஃபாக்ஸ் நெட்வொர்க்குக்கு மாறியது எதனால்?

மறுமொழி 1: அமெரிக்கக் கால்பந்துதான் காரணம். 1993 டிசம்பரில் என்எஃப்சி (என்எஃப்எல் லீக்கின் ஒரு பிரிவு) ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை சிபிஎஸ்ஸிடமிருந்து ஃபாக்ஸ் தட்டிச் சென்றது. ஆட்டம் கிடைத்தது; காட்ட வலுவான விஎச்எஃப் (2 முதல் 13 வரையிலான சேனல்கள்) நிலையங்கள் போதவில்லை. 1994 மே மாதம் டிவி நிலையங்களை வைத்திருந்த நியூ வேர்ல்ட் நிறுவனத்தில் 50 கோடி டாலர் முதலீடு செய்து 12 நிலையங்களை இழுத்துக்கொண்டது. டிசம்பர் 11-ல் டெட்ராய்ட் மாறியது. சிபிஎஸ்ஸுக்கு வேறு வழி இல்லாமல் சேனல் 62 நிலையத்தையே விலைக்கு வாங்க நேர்ந்தது.

மறுமொழி 2: சேனல் 2 என்பது 54–60 மெகாஹெர்ட்ஸ், 62 என்பது 758–764. விஎச்எஃப் ஆன்டெனா மட்டும் உள்ள வீட்டில் புள்ளிமழைதான்! யுஎச்எஃப் (14-க்கு மேற்பட்ட சேனல்கள்) ஆன்டெனா தனியாக வேண்டும். அதிர்வெண் ஏற ஏற கேபிளில் இழப்பும் கூடும். ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு வரும் தட்டைக் கம்பி மழையில் நனைந்தால் இன்னும் மோசம்.

கேள்வி கேட்டவர்: நன்றி. இன்று இப்படி மாறினால் டிவியில் ரீஸ்கேன் (சேனல்களை மறுபடி தேடுதல்) செய்யணுமா?

மறுமொழி 2: அதே சேனலில் நெட்வொர்க் மட்டும் மாறினால் வேண்டாம். அதே நிலையம் புதிய துணைச் சேனல் (ஒரே அலைவரிசையில் வரும் கூடுதல் சேனல்) தொடங்கினால் பெரும்பாலும் வேண்டும்.