ஆர்க்கிகேட் ஜிடிஎல் ஆப்ஜெக்ட்டில் பெயர் நடுவில் நிற்காமல் இடப்பக்கம் நகர்வது ஏன்?

கேள்வி

வணக்கம். ஆர்க்கிகேட் என்ற கட்டட வரைவு மென்பொருளில், சுவரோடு பொருத்தும் துணி அலமாரிக்கு அதன் ஜிடிஎல் ஸ்கிரிப்ட் மொழியில் ஓர் ஆப்ஜெக்ட் எழுதி வருகிறேன். அகலமும் ஆழமும் வழக்கம்போல ஏ, பி என்ற பாராமீட்டர்கள். அலமாரியின் பெயர் தனியாக ஓர் எழுத்துப் பாராமீட்டர். தளத்தில் தச்சர்கள் படத்தை நேரடியாகப் படித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் பெயரைத் தமிழில் இடுகிறேன். பிளானில் அந்தப் பெயர் அலமாரியின் நட்டநடுவில் வர வேண்டும்.

பிளான் படத்தை வரையும் 2டி ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே எஸ்டிடபிள்யூ என்ற ஃபங்ஷன் மூலம் பெயரின் நீளத்தை அளந்து, அதை 1000 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கி வைத்துக்கொள்கிறேன். அதன் பிறகு டிஃபைன் ஸ்டைல் கட்டளையில் 2.5 மி.மீ. உயரமும் ஆங்கர் (எழுத்தைப் பிடித்து வைக்கும் புள்ளி) 7 உம் கொடுத்து, அந்த ஸ்டைலை நடப்புக்குக் கொண்டுவரும் செட் ஸ்டைல் இட்டு, எழுத்தை இடும் டெக்ஸ்ட்2 கட்டளைக்கு எக்ஸ் மதிப்பாக ஏ/2 இலிருந்து அந்த நீளத்தில் பாதியைக் கழித்தும், ஒய் மதிப்பாக பி/2 ஐ அப்படியேயும் தருகிறேன்.

1:100 அளவில் பார்க்கும்போது எழுத்து இடப்பக்கம் தள்ளி நிற்கிறது. அதன் வலது முனை ஏறக்குறைய அலமாரியின் நடுக்கோட்டில் வந்து முடிகிறது. 1:50 க்கு மாற்றினால் இன்னும் இடப்பக்கம் போய்விடுகிறது. பெயர் சிறியதாக இருந்தால் விலகல் குறைவு, நீளமாக இருந்தால் அதிகம். இவை போக, எழுத்து முழுவதும் நடுக்கோட்டுக்கு மேலேயே அமர்கிறது. எந்த இடத்தில் பிழை?

பதில் 1

நீங்கள் அடையாளங்களைத் துல்லியமாகச் சொல்லியிருப்பதால் ஸ்கிரிப்ட்டைப் பார்க்காமலே காரணத்தைச் சொல்ல முடிகிறது. எஸ்டிடபிள்யூ எப்போதும் அந்த நொடியில் நடப்பில் இருக்கும் ஸ்டைலில்தான் அளக்கும். செட் ஸ்டைல் வருவதற்கு முன்பே அதை அழைத்தால், நடப்பில் இருப்பது மென்பொருளின் இயல்பு ஸ்டைல். அதன் எழுத்துயரம் 5 மி.மீ. நீங்கள் அச்சிடுவதோ 2.5 மி.மீ. ஆகவே அளந்த நீளம் உண்மை நீளத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 14 மி.மீ. நீளப் பெயரை 28 மி.மீ. என்று அளந்து, அதில் பாதியான 14 மி.மீ. ஐ இடப்பக்கம் நகர்த்தினால், எழுத்தின் வலது முனை சரியாக நடுக்கோட்டில்தான் வந்து நிற்கும். எழுத்துருக்கள் வேறு வேறாக இருப்பதால் மட்டுமே உங்களுக்கு அது "ஏறக்குறைய" ஆகிறது.

அளவு மாறும்போது விலகல் கூடுவதற்குக் காரணம் அந்த 100. எஸ்டிடபிள்யூ தருவது தாளின் மேல் மில்லிமீட்டர். டெக்ஸ்ட்2 எதிர்பார்ப்பது மாடலின் மீட்டர். இரண்டையும் இணைப்பது படத்தின் அளவு என்பதால், அங்கே எண்ணை எழுதாமல் குளோப்_ஸ்கேல் என்ற மாறியை இட வேண்டும். 1:50 இல் அதன் மதிப்பு 50, 1:100 இல் 100. இந்த மாறியை 2டி ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். காட்சியைப் பொறுத்து மாறும் மதிப்புகளைப் பாராமீட்டர் ஸ்கிரிப்ட்டில் பயன்படுத்துவது கூடாது, மாஸ்டர் ஸ்கிரிப்ட் அதனோடு சேர்ந்தே ஓடுவதால் அங்கும் தவிர்ப்பது நல்லது.

ஆனால் என் கருத்தில், நடுவில் நிறுத்துவதற்கு இந்தக் கணக்கே வேண்டியதில்லை. ஆங்கர் எண்கள் தொலைபேசிப் பொத்தான்களின் வரிசையில் அமைந்தவை: மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1, 2, 3, நடு வரிசையில் 4, 5, 6, கீழ் வரிசையில் 7, 8, 9. நீங்கள் கொடுத்த 7 எழுத்தின் கீழ் இடமூலையை பி/2 இல் வைக்கிறது. எழுத்து நடுக்கோட்டுக்கு மேலே ஏறி நிற்பது அதனால்தான். ஆங்கரை 5 ஆக்கி, டெக்ஸ்ட்2 க்கு ஏ/2, பி/2 என்று மட்டும் கொடுங்கள். பெயர் எவ்வளவு நீண்டாலும், அளவு எதுவானாலும் அது நடுவிலேயே நிற்கும்.

எஸ்டிடபிள்யூ உண்மையில் பயன்படும் இடம் வேறு. 1.8 மீட்டர் அலமாரி 1:200 இல் தாளில் 9 மி.மீ. தான், 14 மி.மீ. பெயர் அதற்குள் அடங்காமல் பக்கத்துச் சுவரின் மேல் ஏறிவிடும். செட் ஸ்டைலுக்குப் பிறகு நீளத்தை அளந்து, மீட்டராக மாற்றி, அது ஏ ஐ விடக் குறைவாக இருந்தால் மட்டும் எழுதும்படி ஒரு நிபந்தனை சேர்த்துவிடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி. ஆங்கர் 5 கொடுத்தவுடன் 1:50, 1:100 இரண்டிலும் பெயர் நடுவில் நிற்கிறது. இன்னும் இரண்டு தேவைகள் உள்ளன. பெயருக்குக் கீழே இரண்டாம் வரியாக அலமாரியின் அளவும் வர வேண்டும், இரண்டு வரிகளையும் சுற்றி ஒரு கட்டம் வேண்டும். அடுத்து, அலமாரியை எதிர்ச் சுவருக்குத் திருப்பி வைத்தால் எழுத்து தலைகீழாகிவிடுகிறது.

பதில் 2

இரண்டு வரி என்றால் டெக்ஸ்ட்2 ஐ விட்டு, பல வரிகளை ஒரே தொகுதியாக இடும் ரிச்டெக்ஸ்ட்2 க்குப் போவதே சரி. இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பாராகிராஃப் கட்டளையில் வரும் அலைன்மென்ட் எண் வேறு, டெக்ஸ்ட்பிளாக் கட்டளையில் வரும் ஆங்கர் எண் வேறு. முன்னது வரிகள் ஒன்றுக்கொன்று எப்படி அமைய வேண்டும் என்பதைச் சொல்கிறது: 1 இடம், 2 நடு, 3 வலம், 4 இருபுறமும் சமம். பின்னது அந்தத் தொகுதி முழுவதும் எந்தப் புள்ளியைப் பிடித்துத் தொங்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. இங்கே பழைய 1 முதல் 9 வரையான வரிசைதான். அலைன்மென்ட்டை 2 ஆக்கிவிட்டு ஆங்கரை 1 ஆகவே விட்டால், வரிகள் தமக்குள் நடுப்பட்டிருக்கும், தொகுதியோ அலமாரியின் நடுவிலிருந்து வலப்பக்கமும் கீழ்ப்பக்கமுமாக இறங்கியிருக்கும். உங்களுக்கு அலைன்மென்ட் 2, ஆங்கர் 5 இரண்டுமே வேண்டும். இந்த முறையில் டிஃபைன் ஸ்டைலின் இரண்டாம் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். அதில் ஆங்கருக்கு இடமே இல்லாததால் குழப்பமும் இல்லை.

டெக்ஸ்ட்பிளாக்கின் அகலத்தை 0 என்று கொடுத்தால் எழுத்துக்கு ஏற்றபடி அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். பிறகு ரிக்வெஸ்ட் மூலம் டெக்ஸ்ட்பிளாக்_இன்ஃபோ கேட்டால் அகலமும் உயரமும் கிடைக்கும். டெக்ஸ்ட்பிளாக்கில் வரும் ஃபிக்ஸ்ட்_ஹைட் மதிப்பு 1 என்றால் அவை மில்லிமீட்டரிலும், 0 என்றால் மாடலின் மீட்டரிலும் வரும். 1 ஐ வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. இடைவெளி சேர்த்து, குளோப்_ஸ்கேல் கொண்டு மீட்டராக மாற்றினால் கட்டம் எல்லா அளவுகளிலும் எழுத்தோடு சேர்ந்தே பெரிதாகும், சிறிதாகும். கட்டத்தை நிலையான மீட்டர் எண்களில் மட்டும் வரையாதீர்கள்: 0.20 மீ. உயரக் கட்டம் 1:50 இல் தாளில் 4 மி.மீ., 1:100 இல் 2 மி.மீ. மட்டுமே, 2.5 மி.மீ. எழுத்து ஒன்றுகூட அதில் அடங்காது.

தலைகீழாவதற்கு: ஆட்2 கட்டளையால் மூலப்புள்ளியை ஏ/2, பி/2 க்கு நகர்த்துங்கள். ஆப்ஜெக்ட் திருப்பப்பட்ட கோணத்தைத் தரும் சிம்ப்_ரோட்ஆங்கிள் 90 ஐத் தாண்டி 270 வரை இருந்தால் ரோட்2 கொண்டு 180 பாகை திருப்பி, எழுத்தையும் கட்டத்தையும் 0, 0 ஐ மையமாக வைத்து வரையுங்கள். முடிந்தபின் டெல் கட்டளையால் நகர்த்தியவற்றை நீக்க மறக்க வேண்டாம். ஆங்கர் 5 ஆக இருப்பதால்தான் இது இவ்வளவு எளிதாகிறது. 7 ஆக இருந்திருந்தால், திருப்பியவுடன் எழுத்து அலமாரியின் மறுபாதிக்குத் தாவியிருக்கும்.

பதில் 3

மேலே சொன்னவை அனைத்தும் சரி. தமிழ் எழுத்து என்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஆங்கர் 5 நடுப்படுத்துவது எழுத்துருவின் மேல், கீழ் எல்லைகளைக் கொண்ட பெட்டியை. கண்ணுக்குத் தெரியும் எழுத்தை அன்று. 'கி', 'தீ' போன்றவற்றின் மேல் வளைவுக்கும் 'கு', 'து' போன்றவற்றின் கீழ் இழுப்புக்கும் எழுத்துருக்கள் வெவ்வேறு அளவில் இடம் விடுவதால், ஒரே ஸ்கிரிப்ட் ஓர் எழுத்துருவில் சரியாகவும் இன்னொன்றில் சற்று மேலேறியும் தெரியலாம். ரிக்வெஸ்ட் மூலம் ஹைட்_ஆஃப்_ஸ்டைல் கேட்டால் உயரம், கீழிறக்கம், வரியிடைவெளி மூன்றும் கிடைக்கும். கீழிறக்க மதிப்பைக் கொண்டு ஒய் ஐச் சிறிது திருத்திக்கொள்ளலாம்.

அதற்கு முன் எழுத்துருவின் பெயரையே சரிபாருங்கள். லதா எழுத்துரு விண்டோஸில் நெடுங்காலமாக வந்தாலும், விண்டோஸ் 10 இல் அது தனியாகச் சேர்க்க வேண்டிய தொகுப்புக்குப் போய்விட்டது; மேக்கில் இருப்பவை இணைமதி, தமிழ் சங்கம் எம்என் போன்றவை. குறித்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வேறொன்று அந்த இடத்தில் வந்து, நீளமும் உயரமும் மாறிவிடும். எழுத்துருவை ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதிவிடாமல் ஒரு பாராமீட்டராக வெளியே வைத்தால், கோப்பைப் பெறுபவர் தம்மிடம் உள்ளதைத் தேர்ந்துகொள்ள முடியும். கட்டமும் அதற்கேற்பத் தானே மாறிக்கொள்ளும்.