6 வயசுப் பையனும் 11 வயசுப் பொண்ணும் சேர்ந்து பார்க்க என்ன படம், என்ன நிகழ்ச்சி?

அழகாபுரம் அம்மா:

வணக்கங்க. பையனுக்கு 6, பொண்ணுக்கு 11. கோடை லீவுல ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வெச்சுப் பார்க்கிற மாதிரி சமீபத்துல வந்த படமோ தொடரோ சொல்லுங்க. குடும்பப் படம்னு போஸ்டர்ல போடறாங்க, உள்ளே போனா வெட்டுக்குத்து. இப்ப யு/ஏ பக்கத்துல 7+, 13+, 16+னு நம்பர் வேற வருது, அதை எப்படி எடுத்துக்கறது? வீட்ல அத்தை சாயங்காலம் சீரியல் பார்ப்பாங்க, பசங்களும் கூடவே உட்கார்ந்துடறாங்க. டிவியை அணைங்கன்னு அவங்ககிட்ட சொல்ல எனக்கு மனசு வரலை. மே மாசம் ஏற்காட்டுல நாலு நாள் தங்கறோம். அங்கே நெட் விட்டு விட்டுத்தான் வரும்ங்கறாங்க, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

அஞ்சு ரோடு:

முதல்ல அந்த நம்பர் விஷயம். சென்சார் சான்றிதழ்ல 1983-லிருந்து யு (எல்லாரும் பார்க்கலாம்), யு/ஏ, ஏ (பெரியவங்களுக்கு மட்டும்), எஸ் (டாக்டர் மாதிரி குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும்)னு நாலு வகைதான். யு/ஏ-ன்னா 12 வயசுக்குக் கீழே இருக்கற பிள்ளைக்குப் பெற்றோர் பார்த்து முடிவு பண்ணணும்னு அர்த்தம். 2023-ல சட்டம் திருத்தி, 2024 விதிகள்ல அதையே 7+, 13+, 16+னு மூணாப் பிரிச்சுட்டாங்க. அதனால 2024 கடைசிக்கு முன்னாடி வந்த படத்துல வெறும் யு/ஏ மட்டும் இருக்கும். அது லேசான யு/ஏ-வா, ரத்தம் தெறிக்கற யு/ஏ-வான்னு சான்றிதழை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். ஏ படத்துக்கு 18 வயசுக்குக் கீழே யாரையும் விடக் கூடாது, பெத்தவங்க கூட இருந்தாலும். ஆனா யு/ஏ நம்பர் தடை இல்லைங்க, பெற்றோருக்கான அறிவுரை. 16+ படத்துக்கு 6 வயசுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போனாலும் வாசல்ல யாரும் நிறுத்த மாட்டாங்க. முடிவு முழுக்க உங்க கையிலதான்.

ஓடிடியில 2021 விதிகள்படி அந்தந்தத் தளமே வயசு வகை போடணும், கூடவே காரணமும் சொல்லணும்: வன்முறை, கெட்ட வார்த்தை, புகை, இப்படி. படம் ஆரம்பிக்கும்போது மூலையில சில நொடி வந்துட்டுப் போயிடும். நம்பரை விட அந்தக் காரணம்தான் உபயோகம். கெட்ட வார்த்தைக்காக 13+ வாங்கினதும் கடத்தல் காட்சிக்காக 13+ வாங்கினதும் ஒண்ணில்லை.

தமிழ்ப் படத்தை முன்னாடியே சோதிக்க முழுசும் பார்க்க வேண்டியதில்லை. இடைவேளைக்கு முந்தின பத்து நிமிஷம், கடைசி அரை மணி நேரம், இந்த ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. இடைவேளைச் சண்டை, கிளைமாக்ஸ்னு நம்ம படங்கள்ல வன்முறை பெரும்பாலும் அங்கேதான் குவியும். டிரெய்லரை நம்பாதீங்க. எல்லாருக்கும் காட்டணும்னே வெட்டிச் சேர்க்கறது அது.

கன்னங்குறிச்சி வாசகி:

மேலே சொன்னது சரி. ஆனால் 6 வயதுக் குழந்தை ரத்தத்தைவிட அதிகம் பயப்படுவது அம்மா அப்பாவைப் பிரியும் காட்சிக்கு. யு சான்றிதழ் படத்திலும் அது தாராளமாக வரும். அதனால் ஒவ்வொரு படத்திலும் அந்த இடம் எங்கே என்று சொல்லிவிடுகிறேன்.

முஃபாசா (2024): அர்ஜுன் தாஸ் குரலில் தமிழ் ஒலி நன்றாக அமைந்த படம். தொடக்கத்திலேயே முஃபாசா என்ற சிங்கக்குட்டி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பெற்றோரைப் பிரிகிறது. நிஜச் சிங்கம் போலவே வரைந்திருப்பதால் கார்ட்டூன் என்ற ஆறுதல் சின்னவனுக்குக் கிடைக்காது. “குட்டி பிழைச்சு வளர்ந்துடும்” என்று முன்பே சொல்லிவிடுங்கள். அதனால் சுவை ஒன்றும் குறையாது. உங்கள் பெண்ணுக்கு டாக்கா என்ற வளர்ப்புச் சகோதரனின் பொறாமைதான் பேச வேண்டிய விஷயம்.

தி வைல்ட் ரோபாட் (2024): இருவருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். 102 நிமிடம். ஆரம்பத்தில் ரோபோ தவறி விழுந்து வாத்துக் கூடு நசுங்குகிறது, ஒரே ஒரு முட்டை மிஞ்சுகிறது. பையன் அங்கே கேள்வி கேட்பான். படத்தை நிறுத்திப் பதில் சொல்லிவிட்டுத் தொடருங்கள். வளர்க்கத் தெரியாத ஒருத்தி வளர்க்கக் கற்றுக்கொள்ளும் கதை, பெரியவர்களையும் கட்டிப்போடும்.

இன்சைட் அவுட் 2 (2024): 96 நிமிடம்தான், ஆனால் சேர்ந்து பார்க்கும் படம் இல்லை. 13 வயதுப் பெண்ணின் மனதில் பதற்றம், பொறாமை, கூச்சம், சலிப்பு புதிதாக வந்து சேர்வதுதான் கதை. 11 வயதுக்குக் கச்சிதம். 6 வயதுக்குப் பயமில்லை, புரியாமல் நெளிவான். கடைசியில் அந்தப் பெண்ணுக்கு மூச்சு முட்டிப் படபடப்பு வரும் காட்சியைப் பெண்ணோடு தனியாகப் பாருங்கள். பரீட்சை, போட்டி என்றால் வயிற்றைப் பிசையும் பிள்ளைகளுக்குத் தங்களுக்குள் நடப்பது என்னவென்று அது காட்டிக் கொடுக்கும்.

தமிழில் டூரிஸ்ட் ஃபேமிலி (2025). இலங்கையிலிருந்து படகில் வந்து சென்னைக் காலனி ஒன்றில் குடியேறும் குடும்பம், சசிகுமாரும் சிம்ரனும். சின்ன மகனின் குறும்பு உங்கள் பையனைப் பிடித்து வைக்கும். போலீஸ் தேடும் பகுதியும் காலனியில் ஒரு மரணமும் உண்டு, கொடூரமாகக் காட்டவில்லை. ஏன் ஊரை விட்டு வந்தார்கள் என்று பெண் கேட்டால் பதில் தயாராக இருக்கட்டும்.

குரங்கு பெடல் (2024) பிள்ளைகளே நாயகர்களாக வரும் படம், ராசி அழகப்பனின் கதையிலிருந்து எடுத்தது. நிதானமாகப் போகும். வாடகை சைக்கிள் என்றால் என்ன, பாருக்கு நடுவே கால் விட்டு ஏன் மிதித்தார்கள் என்று முன்பே சொன்னால்தான் இன்றைய பிள்ளைக்குக் கதையின் ஆசை பிடிபடும். இதற்குத் தாத்தா பாட்டி பக்கத்தில் இருப்பது நல்லது.

சூரமங்கலம் ரயிலடி:

ரெண்டு பேருக்கும் ஒரே படம்னு ஏன் கட்டாயம்? 6-க்கும் 11-க்கும் நடுவுல பெரிய இடைவெளி. படம்னு போனா யாராவது ஒருத்தர் விட்டுக் கொடுக்கணும். சின்னச் சின்ன எபிசோடு இருக்கிற தொடர்தான் பொது இடம். புளூயின்னு ஒரு ஆஸ்திரேலியத் தொடர், எபிசோடு சுமார் 7 நிமிஷம், 2018-ல தொடங்கினது. அப்பா அம்மா பிள்ளைங்களோட விளையாடறதுதான் கதையே. மூணு எபிசோடு முடிஞ்சதும் அணைக்கலாம், பாதியில பிடுங்கற சண்டை வராது. 96 நிமிஷப் படத்தை 40-ல நிறுத்தினா வீடு ரணகளமாயிடும்.

சோட்டா பீம், மோட்டு பட்லு பத்தி என் கருத்து வேற. கெட்டது இல்லை. ஆனா ஒரு லட்டையோ சமோசாவையோ வாயில போட்டா பலம் வருது, அடிச்சா பிரச்சினை தீருது, இதே வாய்ப்பாடு தினமும். 6 வயசு அதைக் கையால செஞ்சு பார்க்கும் வயசு. வாரத்துக்கு ரெண்டு நாள் போதும்ங்க.

அழகாபுரம் அம்மா:

ரொம்ப நன்றிங்க. சீரியல் விஷயத்துக்கு யாராவது சொல்லுங்களேன்.

கன்னங்குறிச்சி வாசகி:

சீரியலுக்குத் திரைப்படச் சான்றிதழ் கிடையாது, வயது எண்ணும் வராது. கேபிள் டிவி விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறிமுறை மட்டும்தான். ஆகவே சினிமாவைவிட இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். விஷம் வைப்பது, ஆள் கடத்துவது, மருமகளை எல்லார் முன்னும் அவமானப்படுத்துவது இவையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் ஓடுகின்றன. முகத்தை மூன்று முறை நெருக்கிக் காட்டி இசையை ஏற்றும்போது கதை புரியாத குழந்தைக்கும் பதற்றம் மட்டும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அத்தையின் நேரத்தைத் தொட வேண்டாம். பிள்ளைகளின் நேரத்தை அதே வேளைக்கு மாற்றுங்கள்: குளியல், வாசல் விளையாட்டு, சாப்பாடு. சாப்பாடு டிவி இருக்கும் அறையில் கூடாது. வாரம் ஒரு சாயங்காலம் அத்தை தேர்ந்தெடுக்கும் பழைய படத்தை எல்லோரும் சேர்ந்து பாருங்கள். ஏற்காடு போகும் சாலையில் நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, அந்தப் பட நிறுவனம் 1956-ல் எடுத்த அலிபாபாவும் 40 திருடர்களும் படத்தில் தொடங்கலாம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் நம் சேலத்தில் உருவானது என்பது பெண்ணுக்கும் பெருமையாக இருக்கும்.

அஞ்சு ரோடு:

பூட்டு பத்தி ஒண்ணு. நெட்ஃபிளிக்ஸ்ல கிட்ஸ் புரொஃபைல் போட்டுட்டு நிம்மதியா இருந்துடறாங்க. பிள்ளை பக்கத்துல இருக்கிற பெரியவங்க புரொஃபைலை அழுத்தினா எல்லாம் திறந்துடும். நாலு இலக்கப் பின் நம்பர் போட வேண்டியது பெரியவங்க புரொஃபைலுக்கு. வேண்டாத படத்தைப் பேர் சொல்லியே மறைக்கலாம், அடுத்த எபிசோடு தானா ஓடறதையும் நிறுத்தலாம். ரெண்டும் கணக்கு அமைப்புல இருக்கு. யூடியூப் கிட்ஸ்ல வயசு வகை போட்டா மட்டும் பத்தாது, நீங்க ஒப்புதல் கொடுத்த சேனல் மட்டும் வர்ற அமைப்புக்கு மாத்துங்க. அப்பத்தான் தேடலும் அடங்கும்.

சேர்வராயன் மலை:

ஏற்காட்டுக்கு: சேலத்திலேயே வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள். போனுக்குச் சாதாரணத் தரம் போதும், மணிக்கு 1 ஜிபிக்குள் அடங்கும். இறக்கும் முன் தமிழ் ஒலியைத் தேர்ந்தெடுங்கள், முடிந்ததும் ஏர்பிளேன் மோடில் திறந்து ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். தமிழ் ஒலி இறங்காதது மலை ஏறிய பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. சில படங்கள் ஓட்டத் தொடங்கி 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும், அதனால் அந்த ஐந்து நிமிடச் சோதனையைக் கிளம்புவதற்குச் சற்று முன் செய்யுங்கள், அத்தகைய படத்தை முதலிலேயே பார்த்து முடித்துவிடுங்கள்.

நாலு நாளைக்கு இரண்டு படம், பத்துக் குட்டி எபிசோடு தாராளம். மே மாதம் மதியத்துக்கு மேல் மழையோ பனிமூட்டமோ வந்தால் அதுதான் படம் பார்க்கும் நேரம். கரண்டும் போகலாம், பவர் பேங்க்கை நிரப்பி எடுத்து வாருங்கள்.

அடிவாரத்திலிருந்து மேலே வரும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் போனைக் கையில் கொடுக்காதீர்கள். கண் நிற்கும் திரையைப் பார்க்க, காது வளைவை உணர, இரண்டும் முரண்பட்டுத்தான் வாந்தி வருகிறது. கதையோ பாட்டோ காதால் கேட்பது பரவாயில்லை. காலையில் இட்லி இரண்டோடு நிறுத்தி, ஜன்னலோரம் உட்கார வைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.