உப்பு ஜாடியில் தேதி எழுதிய கதை

தூத்துக்குடிக்காரன்:

பல் பிடுங்கப் போன இடத்தில்தான் எனக்கு பிரஷர் இருப்பதே தெரிந்தது. ஊசி போடுமுன் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்த நர்ஸ், ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தடவை பார்த்தார். 168/104. "இன்னைக்குப் பல் வேண்டாம் சார், முதல்ல டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, பல்வலி மட்டும்தான். வயது 51.

டாக்டர் இரண்டு மூன்று நாள் வரச்சொல்லிப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: "எங்க வீட்ல உப்பு கம்மிதான் டாக்டர்." அவர் சிரித்தார். "அடுத்த பாக்கெட் பிரிக்கிற அன்னைக்கு ஜாடி மேல தேதி எழுதி வைங்க."

எழுதினேன். ஒரு கிலோ கல்லுப்பு, வீட்டில் நாலு பேர். 22 நாளில் ஜாடி காலி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 11 கிராம் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ 5 கிராமுக்குக் கீழே, ஒரு டீஸ்பூன்கூட இல்லை. வீட்டுக்காரி விடவில்லை. "மீன் கழுவப் போட்டது, நார்த்தங்காய்க்குப் போட்டது எல்லாம் உங்க வயித்துக்குள்ளயா போச்சு?" நியாயம்தான். ஆனால் கருவாடு, அப்பளம், சாயங்கால மிக்சர் எதுவும் ஜாடிக் கணக்கில் சேரவில்லையே!

சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை முதலில் நிறுத்தினோம். தயிர்சாதத்துக்கும் இல்லை. ரசத்தில் புளியையும் மிளகையும் கொஞ்சம் தூக்கலாக வைத்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியவில்லை. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று அம்மா பத்து நாள் முணுமுணுத்தார். மூன்றாவது வாரம் கல்யாண வீட்டுச் சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, "என்னடா, உப்பைக் கொட்டி வச்சிருக்கான்" என்றவரும் அவர்தான். நடுவில் பையன் நல்லதென்று இந்துப்பு வாங்கி வந்தான். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், விலைதான் கூடுதல்.

விடியற்காலையில் பீச் ரோட்டில் 35 நிமிடம் நடை. எடை 81-லிருந்து 76-க்கு வந்தது. நாலு மாதத்தில் 134/84. அந்தச் சந்தோஷத்தில் நானாகவே மாத்திரையை நிறுத்தி, இரண்டே வாரத்தில் மேல் எண் 158-க்கு ஏறி, டாக்டரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதும் நடந்தது. இப்போது மாத்திரையும் உண்டு, நடையும் உண்டு. பல்லையும் பிடுங்கியாயிற்று.

சேலத்து மகள்:

எங்கள் அம்மாவுக்கு 67 வயது. வீட்டு மெஷினில் ஒரு நாள் 170, மறுநாள் 130 என்று குதிக்கும். மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் அக்கா ஒருநாள் நாங்கள் பார்க்கும் விதத்தைக் கவனித்தார். அம்மா மாடிப்படி ஏறி வந்த கையோடு, கட்டிலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சீரியல் கதையைச் சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தபின், கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்துத்தான் பார்க்க வேண்டுமாம். காபி குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்து. இப்போது குதிப்பதில்லை. அம்மாவைப் பேசாமல் உட்கார வைப்பதுதான் பெரும்பாடு.

பாட்டு வாத்தியார்:

என் கதை வேறு. உப்புக் குறைவு, நடை, தூக்கம் எல்லாம் சரியாக இருந்தும் 150-க்குக் கீழே இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டுவதற்கு முன், வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். தொண்டைக்கு நல்லது என்று வருடக்கணக்காக வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அது பொட்டாசியத்தைக் குறைத்து பிரஷரை ஏற்றுமாம். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்ட வலி மாத்திரையும் பிரஷரை ஏற்றுமாம். இரண்டையும் விட்டு ஒரு மாதம் ஆகிறது, 138. மூலிகைதானே என்று இத்தனை நாள் நான் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சேலத்து மகள்:

சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறார்களே, அதை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

தூத்துக்குடிக்காரன்:

டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கும் சிலவகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஆகாது. எங்கள் அம்மாவுக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) கூடுதல் என்பதால் எங்கள் வீட்டுக்கு அது சரிப்படாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஜாடிக் கணக்கு இன்னும் ஓடுகிறது. போன பாக்கெட் 41 நாள் வந்தது. மீன் கழுவும் உப்புக்கு வீட்டுக்காரி தனி டப்பா வைத்துவிட்டார், இனி அதைச் சொல்லி யாரும் தப்ப முடியாது.