புதுப்பிப்பு: அக்காவின் மகளுக்கு இரண்டு காதும் தேறிவிட்டன

பிறந்த மறுநாள் செய்த செவிச் சோதனையில் பிள்ளைக்கு இடது காது தேறவில்லை, பயப்பட வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலேயே திரும்பச் செய்தோம். நிம்மதி!

இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்றால், காது ஒலியைக் கேட்பதோடு நிற்பதில்லை, மிக மெல்லிய ஒலியை எழுப்பவும் செய்கிறது. உட்காதின் வெளி மயிர்க்கலங்கள் அதிர்வைப் பெருக்கும்போது அதில் கொஞ்சம் திரும்பி வெளியே வரும். 1978இல் பிரித்தானிய ஆய்வாளர் டேவிட் கெம்ப் இதை அளந்து வெளியிட்டார். நுனியில் மெத்தென்ற இறப்பர் உள்ள சிறு குழாயைக் காதில் வைத்து, 'டிக் டிக்' என்று ஒலி அனுப்பி, திரும்பி வருவதை அதிலுள்ள ஒலிவாங்கியால் பிடிக்கிறார்கள்.

பிறந்த புதிதில் காதுக்குள் ஈரமும், பிறக்கும்போது உடலில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவும் தங்கியிருந்தால் அந்த ஒலி வெளியே வராது. முதல் தரம் தேறாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இந்த முறை அக்கா பால் கொடுத்து நித்திரையாக்கினார், மின்விசிறியையும் நிறுத்தினோம். சில நிமிடங்களில் முடிந்துவிட்டது.

போன மாதம் நான் கேட்டபோது பிள்ளையின் காதில் எண்ணெய் விடச் சொன்னவர்களே, தயவுசெய்து யாருக்கும் அப்படிச் சொல்லாதீர்கள். அப்புறம், இந்தச் சோதனை செவி நரம்பைப் பார்க்காது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பிள்ளைகளுக்கு மூளைத்தண்டுச் செவிச் சோதனையும் (செவி நரம்பு வழியாக ஒலி மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது) கேட்டுச் செய்வியுங்கள்.