புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் திறனைப் பல் மருத்துவ மாணவர்களுக்கு எவ்வாறு கற்பிப்பது?

கேள்வி (சமூகப் பல் மருத்துவத் துறை விரிவுரையாளர்):
வணக்கம். கேட்டல், அறிவுறுத்தல், விருப்பத்தை அறிதல், உதவுதல், தொடர்ந்து கவனித்தல் என்ற ஐந்து படிகளையும் தேர்வில் பிழையின்றி எழுதும் எங்கள் இறுதியாண்டு மாணவர்கள், புறநோயாளிப் பிரிவில் "பீடியை விட்டுவிடுங்கள், புற்றுநோய் வரும்" என்பதோடு நிறுத்திக்கொண்டு, 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று குறித்துவிடுகிறார்கள். தந்தை வயதுள்ளவரிடம் இதைப் பேசுவதில் அவர்களுக்குத் தயக்கமும் இருக்கிறது. இதை எவ்வாறு மாற்றலாம்?

பதில் (ஈறு நோய்த் துறை ஆசிரியர்):
புற்றுநோயில் தொடங்க வேண்டாம். அந்தப் படத்தைப் பாக்கெட்டிலேயே பார்த்துப் பழகியவர் அவர். நோயாளியின் கையில் கண்ணாடியைக் கொடுத்து, அவருடைய வாயிலிருந்தே பேச்சைத் தொடங்கச் சொல்லுங்கள். புகைப்பவருக்கு ஈறு நோய் முற்றியிருந்தாலும் இரத்தக் கசிவு குறைவாகவே தெரியும் என்பதால், தம் ஈறு நலமாக இருப்பதாகவே அவர் நம்பியிருப்பார். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உள்ள இடைவெளியின் ஆழத்தை அளந்து காட்டும்போதுதான் உண்மை விளங்கும். புகையை விட்ட சில வாரங்களில் ஈறில் இரத்தம் முன்பைவிட அதிகமாக வரக்கூடும் என்பதையும் மாணவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், 'விட்டதால்தான் கெட்டது' என்று அவர் மீண்டும் பற்றவைத்துவிடுவார்.

பதில் (பயிற்சி மருத்துவர்களை மேற்பார்வையிடுபவர்):
தயக்கம் விரிவுரையால் தீராது. ஒரு மாணவரை, புகையைக் கைவிட மனமில்லாத நோயாளியாக நடிக்கச் செய்து, மற்றவரைப் பேச வையுங்கள். தூங்கி எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி என்று கேட்கவும் பழக்குங்கள். அரை மணி நேரத்திற்குள் என்றால் நிக்கோடினைச் சார்ந்திருப்பது கடுமையானது, புகைக்கும் ஏக்கத்தைத் தணிக்கத் தரும் நிக்கோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் போதாமல் 4 மில்லிகிராம் தேவைப்படலாம். அதை மெல்லும் முறையைத்தான் பலரும் சொல்லித்தருவதில்லை: காரச்சுவை தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்கி, சுவை தணிந்தபின் மீண்டும் மெல்ல வேண்டும். விடாமல் மென்றால் நிக்கோடின் உமிழ்நீரோடு வயிற்றுக்குள் இறங்கி, விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். பற்கள் ஆடுபவருக்கோ பல்செட் அணிந்தவருக்கோ சூயிங்கம் ஒத்துவராது, தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டை பொருந்தும் என்பது வேறு எவரையும்விடப் பல் மருத்துவ மாணவருக்கே முதலில் தோன்ற வேண்டும்.

பதில் (ஓய்வுபெற்ற பேராசிரியர்):
மேற்கண்ட இரண்டையும் ஏற்கிறேன்; ஆனால் மதிப்பெண் இல்லாத எதையும் மாணவர்கள் தொடர்ந்து செய்வதில்லை. பதிவேட்டில் 'ஆலோசனை' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, நோயாளி புகையை விடத் தேர்ந்த நாளையும், அடுத்த வருகையில் அவர் சொன்னதையும் எழுதச் செய்யுங்கள். விட்ட முதல் வாரம்தான் கடினமானது. வேர் சிகிச்சைக்கு வருபவர் பெரும்பாலும் அதே நாட்களில் மீண்டும் நாற்காலிக்கு வருகிறார், இந்த வாய்ப்பு மற்ற மருத்துவர்களுக்கு எளிதில் அமையாது. இடைப்பட்ட நாட்களுக்கு, பாக்கெட்டிலேயே அச்சிடப்பட்டுள்ள 1800-11-2356 என்ற கட்டணமில்லா உதவி எண்ணைச் சுட்டிக்காட்டினால் போதும். ஆனால், புகைக்கும் மாணவர்களும் வகுப்பில் இருப்பார்கள். அவர்களிடம் யார் பேசுவது என்பதையும் துறையில் முடிவு செய்துகொள்ளுங்கள்.