மலைக்கும் அன்றாட மழைக்கும் ஒரே ஜாக்கெட்: எடை குறைந்ததா, உறுதியானதா?

கேள்வி

வேலைக்குப் போய்வரும் வழியில் பெய்யும் மழைக்கும், ஆண்டுக்கு மூன்று நான்கு முறை போகும் மலை நடைக்கும் சேர்த்து ஒரே ஜாக்கெட் வாங்க எண்ணுகிறேன். என் பழைய ஜாக்கெட் ஐந்து ஆண்டுகள் உழைத்தது. சென்ற மாதம் மலையேறியபோது, அதன் கழுத்துப் பகுதியிலும் தோள்களிலும் உட்பூச்சு மீன் செதில்போல் உரிந்து, உள்ளே அணிந்திருந்த சட்டையெங்கும் வெள்ளைத் துகள்களாக ஒட்டிக்கொண்டது. இப்போது இரண்டு ஜாக்கெட்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 180 கிராம், இரண்டரை அடுக்குத் துணி, நீர்த்தடுப்பு 10,000 மி.மீ. மற்றது 340 கிராம், மூன்று அடுக்கு, 20,000 மி.மீ. எண் இரு மடங்கு என்பதால் மழையையும் இரு மடங்கு தாங்கும் என்று கொள்ளலாமா? கூடுதலாக 160 கிராம் சுமப்பதற்குத் தக்க பயன் உண்டா?

மறுமொழி 1

அந்த மில்லிமீட்டர் கணக்கு, துணியின் மீது நிற்கும் நீர்த்தம்பத்தின் உயரத்தைக் குறிப்பது. 10,000 மி.மீ. என்றால், பத்து மீட்டர் உயரத்துக்கு நீர் நின்று அழுத்தும் வரை துணி கசியாது என்று பொருள். வானத்திலிருந்து விழும் துளி அவ்வளவு அழுத்தத்தைத் தருவதில்லை. முதுகுப்பையின் வார் தோளை அழுத்தும் இடத்திலும், ஈரப் பாறையில் நாம் உட்காரும் இடத்திலும்தான் அழுத்தம் கூடும். எனவே இரண்டுமே மழையைத் தாங்கும், எண்ணை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. வியர்வை ஆவியை எவ்வளவு வெளியேற்றும் என்பதற்கு அச்சிடப்படும் எண்ணை இன்னும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு சோதனை முறையைப் பின்பற்றுவதால், ஒன்றின் எண்ணை மற்றதன் எண்ணோடு ஒப்பிடுவது பெரும்பாலும் வீண்.

உங்கள் கேள்விக்கான விடை உரிந்துபோன அந்தச் செதில்களிலேயே இருக்கிறது. இரண்டரை அடுக்கு என்பதில் வெளித்துணி ஒன்று, நீரைத் தடுக்கும் சவ்வு ஒன்று. அந்தச் சவ்வைக் காப்பதற்கு உட்புறம் மெல்லிய பூச்சு மட்டுமே இருக்கும், அதைத்தான் அரை அடுக்கு என்கிறார்கள். கழுத்து எண்ணெயும் வியர்வையும் பை வாரின் உராய்வும் முதலில் தாக்குவது அந்தப் பூச்சைத்தான். மூன்று அடுக்கில் அதற்குப் பதிலாக மெல்லிய பின்னல் துணியே ஒட்டப்பட்டிருக்கும். நாள்தோறும் அணிந்து, பையும் மாட்டிக்கொள்ளும் உங்களுக்கு மூன்று அடுக்கே பொருந்தும். கூடவே வெளித்துணியின் டெனியரையும் பாருங்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டெனியர். 15, 20 டெனியர் துணி கையில் பூப்போல இருக்கும், ஆனால் முள்ளுக்கும் பை வாருக்கும் 40 டெனியரைப்போல் ஈடுகொடுக்காது.

மறுமொழி 2

மேலே சொன்னவரோடு பாதிதான் உடன்படுகிறேன். எந்தச் சவ்வானாலும், உள்ளே ஈரம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருக்கும்போதுதான் ஆவியை நன்றாக வெளியேற்றும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த மழையில் அந்த வேறுபாடு குறைந்துவிடுவதால், ஏற்றத்தில் மூச்சிரைக்க நடக்கும்போது எவ்வளவு விலை உயர்ந்த ஜாக்கெட்டிலும் உட்புறம் நனையத்தான் செய்யும். அப்போது உதவுவது அக்குளுக்குக் கீழே நீளமாகத் திறக்கும் ஜிப்தான். நீங்கள் பார்த்த இரண்டில் எதில் அது இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நான் வாங்குவதாக இருந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மலையில் பெரும்பகுதி நேரம் ஜாக்கெட் பைக்குள்தான் கிடக்கும் என்றால், 180 கிராமை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடாதீர்கள். வானம் தெளிவாக இருக்கிறதே என்று கனமான ஜாக்கெட்டை அறையிலேயே விட்டுவிட்டுப் போய், திரும்பும் வழியில் இரண்டு மணி நேரம் நனைந்து நடுங்கியவன் நான். (அன்றாடத் தேவைக்குக் குடை என்று ஒரு பொருள் இருப்பதையும் இங்கே யாரும் நினைப்பதில்லை.)

மறுமொழி 3

எதை வாங்கினாலும் துவைக்காமல் வைத்தால் கெட்டுப்போகும். துவைத்தால் பாழாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள், உண்மை நேர்மாறானது. வெளித்துணியின் மீது நீர் முத்து முத்தாக உருண்டோடச் செய்யும் பூச்சு ஒன்று உண்டு. அழுக்கும் எண்ணெயும் படிந்து அது மங்கியதும் துணி நீரைக் குடித்துக் கனத்துவிடும். சவ்வு கசியாவிட்டாலும் ஆவி வெளியேற வழியின்றி உள்ளே வியர்வை தேங்கும். ஜாக்கெட் ஒழுகுகிறது என்று வரும் புகார்களில் பல உண்மையில் இதுதான். ஃப்ளூரின் சேர்மங்களைத் தவிர்த்துச் செய்யப்படும் இன்றைய பூச்சுகள் எண்ணெயை முன்னவற்றைப்போல் விலக்குவதில்லை என்பதால், இப்போது அடிக்கடி துவைப்பது இன்னும் தேவையாகிறது.

இதற்கென்றே விற்கும் திரவ சோப்பைப் பயன்படுத்துங்கள், துணியை மென்மையாக்கும் திரவத்தை அறவே தவிர்த்துவிடுங்கள். நன்றாக அலசி உலர்த்திய பின், பராமரிப்புச் சீட்டு அனுமதித்தால் உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் இருபது நிமிடம் ஓட்டினால், பூச்சு பெரும்பாலும் உயிர்பெறும். பிறகு தோளில் ஒரு கை நீரைத் தெளித்துப் பாருங்கள். அப்போதும் துணி கருத்து நனைந்தால்தான் புதுப் பூச்சு தெளிக்க வேண்டும். ஆனால் உங்கள் பழைய ஜாக்கெட்டுக்கு இவை எதுவும் உதவாது, உரிந்த உட்பூச்சை ஒட்டவைக்க வழியில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்றுக் கடைக்குப் போய், ஃப்ளீஸ் என்னும் மென்மையான குளிர்ச்சட்டை ஒன்றை உள்ளே அணிந்துகொண்டு இரண்டையும் போட்டுப் பார்த்தேன். 180 கிராம் ஜாக்கெட்டில் அக்குள் ஜிப் இல்லை; கையைத் தூக்கினால் விளிம்பு இடுப்புக்கு மேலே ஏறிவிட்டது. 340 கிராமில் அக்குள் ஜிப் உண்டு, தலைமூடியும் பின்புறம் இறுக்கிக்கொள்ள ஏதுவாக இருப்பதால் நான் திரும்பும் பக்கமெல்லாம் கூடவே திரும்புகிறது. குறை என்னவென்றால், முதுகுப்பையின் இடுப்புப்பட்டையைக் கட்டியதும் இரண்டு பாக்கெட்டுகளும் அதன் அடியில் அகப்பட்டுக்கொள்கின்றன. அதே மூன்று அடுக்கில் பாக்கெட் மார்புக்கு அருகே வைத்துத் தைத்த வேறொன்று, 310 கிராமில், அடுத்த வாரம் வரும் என்றார்கள். அதற்காகக் காத்திருக்கிறேன், அதுவரை குடைதான்.