கலைச்சொல்: இக்போ மக்களின் ‘இஸு’வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1

அன்புள்ள குழுவினருக்கு,

நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களைப் பற்றிய மொழிபெயர்ப்புகளில் ‘இஸு’ வருமிடமெல்லாம் ‘வாரம்’ என்று போட்டுவிடுகிறார்கள். இதனால் கணக்கே தவறிப்போகிறது. இஸு என்பது நான்கு நாள்: எக்கே, ஒரியே, அஃபோ, இங்க்வோ. ஏழு இஸு ஒரு ஒன்வா (மாதம்), 28 நாள். பதின்மூன்று ஒன்வாவுக்கு 364 நாள். கடைசி மாதத்தில் ஒன்றைக் கூட்டி 365 ஆக்குவார்கள். கணவனை இழந்தவர் ‘இஸு அசா’ துக்கம் காப்பது பழைய வழக்கம். அசா என்றால் ஏழு. இதை ‘ஏழு வாரம்’ என்று பெயர்த்தால் 28 நாள் துக்கம் 49 நாளாக நீண்டுவிடும்.

என் முன்மொழிவு ‘நாற்கிழமை’. தனி நாளுக்கு எக்கேக்கிழமை, அஃபோக்கிழமை. கிழமை என்றால் உரிமை. ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப் பொருள் என்று பள்ளியில் படித்ததுதான். ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. இக்போ நம்பிக்கையிலும் ஒவ்வொரு நாளும் அதே பெயருள்ள தெய்வத்துக்கு உரியது. மீன்கூடையோடு நிரி ஊருக்கு வந்த நால்வரின் பெயர்கள் இவை என்று அங்கே மரபுக்கதையும் உண்டு.

மடல் 2

> என் முன்மொழிவு ‘நாற்கிழமை’.

வணக்கம் ஐயா. இலக்கணம் சரி, ஆனால் இலங்கையில் இந்தச் சொல் செல்லாது. எங்களுக்குக் கிழமை என்றால் ஏழு நாள். ‘ரெண்டு கிழமையாய்க் காய்ச்சல்’ என்றால் பதினாலு நாளாகக் காய்ச்சல். நாற்கிழமை என்று எழுதினால் யாழ்ப்பாணத்தில் வாசிக்கிறவர் 28 நாள் என்றுதான் எடுப்பார். உங்கள் கணக்கில் அது ஒன்வா அல்லவா!

எண்ணோடு சேர்த்தாலும் இடிக்கும். ‘ஏழு நாற்கிழமை’ என்றால் ஏழா, நாலா, இருபத்தெட்டா? கலைச்சொல்லுக்குள் எண்ணை ஒளித்துவைத்தால் அதை எண்ணவே முடியாது.

மடல் 3

அப்படியானால், இந்த நான்கும் சந்தை கூடும் நாள்கள் என்பதால் ‘சந்தை வாரம்’ என்று வைத்தால் என்ன? வாரம் என்றால் ஏழு நாள்தான் என்று ஏன் பிடிவாதம்? பஞ்சாங்கத்தின் ஐந்து அங்கங்களில் ஒன்றான ‘வாரம்’ ஒற்றை நாளையே குறிக்கிறது. சோமவாரம் என்று இன்றும் சொல்கிறோமே.

மடல் 4

> ‘சந்தை வாரம்’ என்று வைத்தால் என்ன?

சோமவாரம் சொல்பவரும் ‘அடுத்த வாரம் வா’ என்றால் ஏழு நாளைத்தான் நினைக்கிறார். போதாததற்கு நம்மிடம் ‘வாரச்சந்தை’ இருக்கிறது. இரண்டு சொல்லும் இடம் மாறினால் ஏழு நாளுக்கொருமுறை கூடும் சந்தை ஆகிவிடும். மெய்ப்பு பார்ப்பவரே திருத்தம் என்று நினைத்து மாற்றிவைப்பார்.

வாரத்தைத் தொடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், அது வேறோரிடத்தில் தேவைப்படுகிறது. கிறித்தவம் வந்தபின் ஏழு நாள் வாரத்துக்கு இக்போ மொழியிலேயே ‘இஸு உக்கா’ என்ற சொல் பிறந்தது. உக்கா என்றால் தேவாலயம், ஞாயிறு வழிபாடு. ஒரே பத்தியில் இரண்டும் வரும். இஸு உக்காவுக்கு வாரம் என்றால், இஸுவுக்கு வேறு சொல்தான் வேண்டும்.

நான் சொல்வது ‘சந்தைச்சுற்று’. இந்த நாள்கள் நடைமுறையில் இயங்குவதே சுற்றாகத்தான். ஓர் ஊரில் எக்கே நாளில் சந்தை என்றால் பக்கத்து ஊரில் ஒரியேயில், அதற்கடுத்த ஊரில் அஃபோவில். ஒன்றோடொன்று மோதாததால் ஒரே வியாபாரி நான்கு ஊருக்கும் போய்வரலாம். சில பெரிய சந்தைகள் எட்டு நாளுக்கொருமுறைதான் கூடும். அங்கே ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் எக்கே, ‘எக்கே உக்வு’ (பெரிய எக்கே), ‘எக்கே ன்டா’ (சின்ன எக்கே) எனப் பிரியும். எட்டு நாள் சேர்ந்தது ‘இஸு உக்வு’. இதைப் ‘பெருஞ்சுற்று’ என்றால் முடிந்தது. ‘பெருநாற்கிழமை’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்!

ஏழு நாள் வாரத்தோடு பொருத்தும்போதும் ‘சுற்று’ உதவும். 4, 7 இரண்டுக்கும் பொது மடங்கு 28. எக்கே இன்று ஞாயிறில் விழுந்தால், மறுபடி ஞாயிறில் எக்கே வர ஏழு சுற்று, நான்கு வாரம் ஆகும். ஆகவே ‘செவ்வாய்தோறும் எக்கே சந்தை’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் கண்டால், மூலத்தைப் பார்க்காமலே பிழை என்று சொல்லிவிடலாம்.

மடல் 5

நாற்கிழமையைத் திரும்பப் பெறுகிறேன். 28 நாள் குழப்பத்துக்கு என்னிடம் பதில் இல்லை. சந்தைச்சுற்றில் ஒரு குறை: இஸு சந்தைக்கு மட்டுமான அளவில்லை. துக்கத்துக்கும், மண்வெட்டி எடுக்கக்கூடாத நாளுக்கும் அதே கணக்குத்தான் (எந்த நாள் விலக்கு என்பது ஊருக்கு ஊர் மாறும்). எனவே முதன்முறை ‘சந்தைச்சுற்று’, பிறகு ‘சுற்று’ போதும். ‘ஏழு சுற்று துக்கம்’ நன்றாகவே நிற்கிறது.

நாளுக்குக் கிழமை வேண்டாம், ‘எக்கே நாள்’ என்போம். சந்தையின் பெயராக வந்தால் ‘நாள்’ சேர்க்கக்கூடாது. நெவி நகரத்தின் இங்க்வோ சந்தை இன்று வாகன உதிரிபாகத்துக்குப் பேர்போனது, தினமும் திறந்திருக்கும். அதை ‘இங்க்வோ நாள் சந்தை’ என்று எழுதினால் தவறு.

எழுத்துப்பெயர்ப்பையும் இப்போதே முடிவு செய்துவிடலாம். ‘எகே’ என்று ஒற்றைக் ககரம் போட்டால் ‘எஹே’ என்று வாசிப்போம், அதனால் எக்கே. இங்க்வோவின் முதல் ஒலி தனித்து நிற்கும் மூக்கொலி. தமிழில் சொல் அப்படித் தொடங்காததால் இகரத்தை முட்டுக்கொடுக்கிறோம். ஆனால் இங்க்வோ நாளில் பிறந்த ஆணின் பெயரான ஒக்கொங்க்வோவில் முன்னால் உயிரொலி இருப்பதால் இகரம் வேண்டாம். ‘ஒக்கோஇங்க்வோ’ என்று யாரும் திருத்தவேண்டாம். எக்கேயில் பிறந்தவர் ஒக்கேக்கே, அஃபோவில் பிறந்தவர் ஒக்காஃபோ. சில வட்டாரங்களில் ஒரியே ‘ஒயே’ ஆகும். அதை ஐந்தாம் நாளாக எண்ணிவிடாதீர்கள்.

ஒன்வாவுக்குத் ‘திங்கள்’ என்பது என் விருப்பம். ஒன்வா நிலவையும் மாதத்தையும் குறிக்கும், திங்களும் அப்படியே. ஆனால் நிலவின் சுழற்சி ஏறக்குறைய 29½ நாள், ஏழு சுற்றோ 28 நாள். ‘திங்கள்’ என்றதும் அமாவாசைக்கு அமாவாசை என்று வாசகர் எண்ணாமலிருக்க, முதல் இடத்தில் ‘28 நாள் திங்கள்’ என்று எழுதவேண்டும். இதற்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.